இரண்டு அங்குலம்

வெளியூரார் தெமோதரைக்கு வருவது ரயிலைப் பார்க்கத்தான். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லப் பக்கத்தில் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் எமது ஸ்டேஷனுக்கும் வருவார்கள். ஸ்டேஷனைத் தாண்டிய ரயில் மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தால் நுழைந்து பதுளைப் பக்கம் போகின்ற விந்தையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைக் கண்டுதான் இந்த வட்டம் தோன்றியது என்று ஒரு கதை இருக்கின்றது. கதை சொல்கின்றவர்கள் கங்காணியின் பெயரைச் சொல்வதில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரை மட்டும் மறக்காமல் சொல்வார்கள்.

எப்படியோ, கணக்கு தெளிவானது. இந்தப் பாதையில் ரயில் 44 அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம், ஓர் அடிதான் இறங்கலாம். எல்லயிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 400 மீற்றர் இறக்கம். சரிவைக் கூட்ட முடியாதென்றால் தூரத்தைக் கூட்டத்தான் வேண்டும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது இந்தப் பொறுமையால்தான்.

தோட்டத்து றோட்டுக்கு இப்படி யாரும் பொறுமை காட்டவில்லை. கொழுந்து ஏறினால் போதும், உரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வெட்டிய பாதைகள். எங்கள் கடைக்கு மேலே இருக்கின்ற டிவிஷனுக்குப் போகும் பாதை ஒவ்வொரு முடக்கிலும் தலையைத் தூக்கி நிற்கும். அது தோட்டத்தின் பாதையா, சபையின் பாதையா என்ற வழக்கு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. வழக்கு நடக்கும் வரைக்கும் கல் போடுவார் யாருமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின் மழை பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் சின்னாபின்னமாக்கியபோது, அந்தப் பாதையில் இருந்த கொஞ்ச மண்ணும் கழுவுண்டு போய்க் கல் மட்டுமே மிஞ்சியது. நடுவில் ஒரு முதுகு, இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்.

அந்தப் பாதையில் இன்றைக்கும் ஏறி இறங்குகின்ற ஒரே வாகனம் என் தம்பியின் கெப். வாப்பாவின் காலத்தில் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு லயம் நடந்த குடும்பம் நாங்கள். சம்பள நாளுக்குக் கொப்பி கொண்டு போவதும் நடையிலேதான். தம்பிதான் வாகனத்துக்கு மாறியவன். 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், டபள் கெப், 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே குழலாகப் போகின்ற திட அச்சு, அதற்கு மேலே தகட்டு ஸ்பிரிங். அமெரிக்காவுக்குப் போன ஹைலக்ஸ்களில் 1986 மாதிரியிலிருந்தே முன்னச்சை எடுத்துவிட்டுச் சொகுசான ஏற்பாடு ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். எங்களைப் போன்ற நாடுகளுக்கு வந்த பலவற்றில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி தாண்டியும் இந்தப் பழைய அச்சே இருந்தது. மலைக்கு அது நல்லதாய்ப் போயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் இந்தக் கிழட்டு வண்டிகளின் விலை ஆகாயத்துக்குப் போனது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியை மீண்டும் திறந்தார்களென்றாலும், புதுசுக்கு இருக்கின்ற வரியை எண்ணினால் பழசைத் தடவிக் கொடுப்பதுதான் புத்தி. டிமோ பட்டாக்காரர்கள் இரண்டாவது முடக்கோடு திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பின்சக்கரம் மட்டும் இழுக்கின்ற சின்ன வண்டி அது.

மேலே போகும்போது அரிசி, மா, கேஸ் சிலிண்டர். கீழே வரும்போது மரக்கறி மூடைகள். அதோடு நோயாளிகளும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் தொடங்கிப் பின்னர் ஊவாவுக்கும் வந்தது பெரிய உபகாரம். ஆனால் அது தார் றோட்டு வரைக்கும்தான் வரும். அதற்கு மேலே இரண்டரை மைல் இருக்கின்றது. பிரசவ வலி கண்ட பிள்ளைகளைத் தம்பி எத்தனை தடவை இறக்கியிருக்கிறான் என்று அவனுக்கே கணக்கில்லை. எங்கள் சாச்சியின் ஜனாஸாவைச் சந்தூக்கோடு ஏற்றி வந்ததும் அதே வண்டிதான். பின்பெட்டியில் ஆட்களை ஏற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு, தூக்கிக்கொண்டு நடப்பதா என்ற மற்றக் கேள்விதான் பதில்.

மழைக்குப் பிறகு ஒரு நாள் தம்பி வந்து, "அடியில இடிக்கி நானா. இனிச் சரிவராது, நாலு இஞ்சி தூக்கப் போறன்" என்றான்.

எல்லவுக்குக் கொழும்பிலிருந்து வருகின்ற இளைஞர்களின் வண்டிகளை அவன் கண்டிருக்கிறான். ஏணி வைத்து ஏறுகின்ற மாதிரி உயரம், தொட்டி மாதிரி ரயர். அப்படியொரு 'லிப்ட் கிட்' வாங்குவதென்று முடிவோடுதான் வந்தான். என்னிடம் வந்தது, ஆங்கிலத்தில் இருந்த துண்டுப் பிரசுரங்களை வாசித்துச் சொல்லச் சொல்லி. நான் 34 வருடங்கள் கணிதம் படிப்பித்தவன். வாகனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கதவைத் திறக்கும் பக்கம் மட்டுமே. ஆனாலும் மூன்று இரவுகள் இருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது வாகனக் கதை இல்லை, சமன்பாட்டுக் கதை என்று விளங்கியது. ஒரு பக்கத்தில் கூட்டினால் இன்னொரு பக்கத்தில் கழிய வேண்டும்.

வண்டியை உயர்த்த மலிவான வழி, ஸ்பிரிங்கின் நுனியைச் சட்டத்தோடு கோர்க்கின்ற ஷெக்கலை நீளமாக்குவது. இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம் உயரும். ஆனால் முன்னச்சில் இதைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகின்ற குணம் குறைந்துவிடும். அடுத்த வழி, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது. பின்னுக்கு வைக்கலாம், முன்னுக்கு ஒருபோதும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வருகின்ற முறுக்கத்தை அந்தக் கட்டை தாங்காது. மூன்றாவது, இருக்கின்ற தகடுகளோடு இன்னொரு தகட்டைச் சேர்ப்பது. உயரம் வரும், கூடவே கல்லுப் போன்ற இறுக்கமும் வரும். நான்காவதுதான் முழுக் கிட்: புது ஸ்பிரிங்குகள், அவற்றின் ஓட்டத்துக்கு ஏற்ற நீளத்தில் ஷொக் அப்சோபர்கள், புஷ்கள், யூ போல்ட்டுகள். அவுஸ்திரேலியர்கள் இதில் தேர்ந்தவர்கள். ஏஆர்பி என்ற கம்பனி 1975இல் தொடங்கியது. அவர்களுடைய 'ஓல்ட் மேன் ஈமு' ஸ்பிரிங்கின் பெயர் எங்கள் ஊர்க் கராஜ்களிலும் அடிபடுகிறது. ஈமு பறவைக் கிழவனுக்கும் ஊவா மலைக்கும் என்ன சம்பந்தமோ.

பிரசுரங்களை மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த பாஸ் வயதானவர், சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். (பாஸ் என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுப் போனார்கள் என்பார்கள். விட்டுப் போனவற்றில் உருப்படியான ஒன்று.) கிட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்தச் சொல்லி, டோர்ச்சோடு கீழே இறங்கினார்.

"முதலாளி, வாங்க. காயத்தைப் பாருங்க" என்றார்.

நானும் இறங்கிப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதற்கு யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. நாலு அங்குலம் வேண்டும் என்று தம்பி சொன்னது வாயால். எங்கே இடிக்கின்றது என்பதை வண்டியே எழுதி வைத்திருந்தது. ஆழமான கீறல்கள் பின் டிப்ரென்சலின் வயிற்றில். அடுத்து, பின் பம்பரின் கீழ் விளிம்பில். புகைக்குழாயின் ஒரு வளைவில் கொஞ்சம். நடுச் சட்டத்தில் அவ்வளவாக இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கின்றது. திட அச்சு வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிப்ரென்சல் ஒரு நூல் அளவும் உயராது. அது அச்சோடு ஒட்டியது, அச்சு சக்கரத்தோடு ஒட்டியது. வண்டியின் உடம்புதான் மேலே போகும், வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது ரயர் மட்டும்தான், அதிலும் கூடுகின்ற விட்டத்தில் பாதி. 29 அங்குல ரயரை 31 ஆக்கினால் ஓர் அங்குலம் கிடைக்கும். ஆக, நாலு அங்குலக் கிட்டை மாத்திரம் பூட்டியிருந்தால் தம்பியின் முக்கியமான இடி அப்படியே இருந்திருக்கும். பின் பம்பர் இடிக்கின்றதே, முடக்கில் ஏறும்போதும் குறுக்கு வாய்க்காலில் இறங்கும்போதும், அதற்கு ஸ்பிரிங் உயரம் உதவும். ரயர் பெருத்தால் அது மட்கார்டில் உரசாமல் இருக்கவும் உயரம் வேண்டும்.

பாஸ் இன்னொன்றும் செய்தார். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரைக்கும் நாலு மூலையிலும் அளந்தார். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் காற்றும் தேய்மானமும் பொய் சொல்லும் என்றார். பின்பக்கம் வலது மூலை இடது மூலையைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து கிடந்தது. மூன்று தசாப்தம் மூடை சுமந்த தகடுகள் சோர்ந்துவிட்டன. "உங்களுக்கு வேணும் எண்டு சொல்ற நாலு இஞ்சியில ஒண்ணரை, வண்டி முந்தி வச்சிருந்ததுதான்" என்றார். இழந்ததைத் திருப்பி எடுப்பதும் உயர்த்துவதும் ஒன்றல்ல. கடை வியாபாரத்தில் வாப்பா அடிக்கடி சொன்ன வித்தியாசம் இது, வேறு வார்த்தைகளில்.

பிறகு பின்னச்சுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். இந்த வண்டியில் பின் பிரேக்குக்குப் போகின்ற அமுக்கத்தை ஒரு வால்வு தீர்மானிக்கின்றது. அச்சிலிருந்து வருகின்ற கம்பி அதற்குச் செய்தி சொல்லும். பாரம் ஏறினால் உடம்பு தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அதிகம் விடு என்று வால்வுக்கு விளங்கும். பெட்டி வெறுமையாக இருந்தால் உடம்பு உயரும், பின்சக்கரம் வழுக்காமல் இருக்க அமுக்கத்தைக் குறைக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆனால் வண்டியை நாலு அங்குலம் தூக்கிவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், எட்டுப் பேரும் பத்து மூடையும் ஏறியிருக்கும்போதும் வால்வு பெட்டி வெறுமை என்றே நினைத்துக்கொள்ளும். இறக்கத்தில், பாரத்தோடு, பின் பிரேக் பாதியாக. கம்பியின் தாங்கியை உயர்த்தினால் சரி, ஒரு துண்டு இரும்பும் இரண்டு போல்ட்டும் போதும். அதைச் செய்யாமல் விட்ட வண்டிகளைத் தான் கண்டிருப்பதாகப் பாஸ் சொன்னார். பிரேக் ஹோஸும் அப்படித்தான். சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று ஜாக்கி வைத்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மரணித்தது எங்கள் எல்லோருடைய மனதிலும் இருந்தது. அதன் காரணத்தை நான் இங்கே பேசவில்லை. அந்த மலைச்சரிவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

அன்றிரவு கணக்கு ஒன்று போட்டேன். இலகுவாக இருக்கட்டும் என்று, இரு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 1.4 மீற்றர், வெறும் வண்டி 1,700 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் 0.7 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டேன். அசையாமல் நிற்கின்ற அப்படியொரு வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் 45 பாகையில்தான் கவிழும். இப்போது பின்பெட்டியில் பலகை போட்டு ஆட்களும் சாமானுமாக 600 கிலோ ஏற்றுவோம். அந்தப் பாரத்தின் மையம் 1.3 மீற்றரில். கவிழும் கோணம் 39 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வண்டியை நாலு அங்குலம் தூக்கினால் 36. ஓடுகின்ற வண்டியில், முடக்கில், ஸ்பிரிங் சாயும்போது இதெல்லாம் இன்னும் எவ்வளவோ குறையும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. கிட் தின்றது மூன்று பாகை. பலகையில் உட்கார்ந்த மனிதர்கள் தின்றது ஆறு. பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லோரையும் பெட்டியின் தரையில் உட்கார வைத்தால், பாரத்தின் மையம் 1.1 மீற்றருக்கு இறங்கும். அப்போது மூன்று அங்குலம் உயர்த்திய வண்டிக்கும், பலகையோடு இதுவரை ஓடிய உயர்த்தாத வண்டிக்கும் ஒரு பாகை வித்தியாசம்கூட இல்லை.

தம்பிக்கு இதைக் காட்டினேன். தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அப்ப மூடைக்கு மேல ஏறி இருக்கிறானுகளே?" என்றான். அதற்குக் கணக்கு தேவையில்லை என்றேன்.

ஆனாலும் நாலு அங்குல ஆசை அவனை விட்டுப் போகவில்லை. போக வைத்தது நானோ பாஸோ அல்ல. மேல் டிவிஷனில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர், மாதத்துக்கு ஒருமுறை கெப்பில் வருவார். தம்பி பெருமையாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவர் பின்கதவின் விளிம்பில் கையை வைத்து, அது தன் நெஞ்சுக்கு வருகின்ற இடத்தைக் காட்டி, "இப்பவே ரெண்டு பேரு தூக்கிவிடணும் நானா. இன்னும் ஒசத்திட்டீங்கன்னா நாங்க என்ன, கொழுந்துக் கூடையில உக்காந்தா வர்றது?" என்று கேட்டாராம். தம்பி சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பிரசுரத்தில் இரண்டு அங்குலம் எது என்று கேட்டான்.

இரண்டு அங்குலத்திலும் தெரிவு முடியவில்லை. ஸ்பிரிங்குகளை எப்போதும் சுமக்கின்ற பாரத்தின்படி வகுத்து விற்கிறார்கள்: வெறுமையாகப் போகிறவர்களுக்கு ஒன்று, இடைத்தரத்துக்கு ஒன்று, எந்நேரமும் நிறை பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. மரக்கறிக்குப் பாரமானது நல்லது. ஆனால் பாரத்துக்குச் செய்த ஸ்பிரிங் பாரம் இல்லாதபோது குதிரையாகக் குதிக்கும். நடு இரவில் வலியோடு ஒரு பிள்ளையும் அவளுடைய அம்மாவும் மட்டும் ஏறினால் அது பாரமே இல்லை. உருளைக்கிழங்குக்கு நோகாது. எங்கள் வீட்டில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிறைய நேரம் போனது. கடைசியில் தம்பியே இடைத்தரத்தை எடுத்தான். மூடையின் எண்ணிக்கையைக் குறைத்து இரண்டு நடை போகலாம், பிரசவத்தை இரண்டு நடையாகக் கொண்டு வர முடியாது என்றான். வியாபாரி ஒருவன் சொன்ன சொல் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆக, இரண்டு அங்குலக் கிட், அதற்கேற்ற ஷொக் அப்சோபர், 31 அங்குல ரயர். ரயர் பெருத்ததால் வேகமானி ஏறத்தாழ ஆறரை வீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும். எங்கள் பாதையில் எப்படியும் லோ கியரில்தான் ஏற வேண்டும், எனவே அது பெரிய நட்டமில்லை. பூட்டுவதற்கு முன்னர் காப்புறுதிக்காரரிடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு போய் வந்தான். வேலை இரண்டு நாள். பாஸ் வால்வுக் கம்பியின் தாங்கியை உயர்த்தி, முன் பிரேக் ஹோஸ்களை நீளமானதாக மாற்றி, ஹெட்லைட்டுகளைக் கீழே சாய்த்தார். முன்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவனின் கண்ணில் குத்தும். பின்கதவுக்குக் கீழே மடக்குகின்ற படி ஒன்றைத் தோட்டத்துப் பட்டறைக்காரர் செய்து தந்தார். பலகை கழன்றது. தரையில் இறப்பர் விரிப்பும் மேலே பழைய மெத்தை ஒன்றும். மூடைக்கு மேல் இடமில்லை என்று தம்பி சொன்னதற்கு இளைஞர்கள் ஒரு கிழமை கோபித்துக்கொண்டார்கள்.

டிப்ரென்சல் இப்போது இடிக்கவில்லையா என்றால், ஓர் இடத்தில் இடிக்கிறது. நாலாவது முடக்கில் நடு முதுகு அவ்வளவு உயரம். அதற்கு ஸ்பிரிங்கில் மருந்தில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் மண்வெட்டியும் அலவாங்குமாக இறங்கி, அந்த முதுகைக் கொத்தி இரண்டு பள்ளத்திலும் நிரப்பினார்கள். குறுக்கு வாய்க்கால் இரண்டைத் தோண்டித் தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்பினார்கள். தம்பி கல் ஏற்றிக் கொடுத்தான். அடுத்த நாள் டிமோ பட்டா ஒன்று மூன்றாவது முடக்கு வரை வந்தது. தம்பிக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. வாடகைக்கு ஓடுகிறவன்தானே அவனும்.

புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமரும் என்று பாஸ் சொல்லியிருந்தார். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை தம்பி இறுக்கினான். நான் அளவுநாடாவைப் பிடித்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் வரைக்கும் முன்னுக்கு இரண்டு பக்கமும் சமம். பின்னுக்கு வலது மூலை மட்டும் கால் அங்குலம் குறைவாக இருந்தது. சிலிண்டர்களை அந்தப் பக்கமாக அடுக்குகிற பழக்கத்தை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.